அளவையும் அளவைப் போலியும்

காஞ்சிமாநகர்க்குக் கிழக்கே, வாலாஜாபாத்தை அடுத்துள்ள தென்னேரி என்னும் ஊர், ஆண்டுள்ள பேரேரியினாற் பெயர் பெற்றது. அப்பெயரைக் கேட்ட அளவில் 'தென்றிசைக்கண் உள்ள ஏரி' என்று பொருள் கொள்ளுதல் எவர்க்கும் இயல்பு. தென்னையோடு இயைத்துரைப்பினும் கேட்போர் மறுக்கமாட்டார். ஆயின் அவ்வேரி காஞ்சிக்குத் தெற்கே உள்ளதன்று. பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மனது காசாக்குடிச் செப்பேடு, சேயாறு, வெஃகா என்னும் ஆறுகளோடு சேர்த்துத் 'திரையனேரி' என ஒரு நீர்நிலையைக் குறிக்கின்றது. அத்திரையனேரியே பிற்காலத்துத் தென்னேரி என மருவிற்றென்பது கல்வெட்டாராய்ச்சியாளர் துணிபு. வழங்குவார் நாவில் சொல் தேய்ந்தது. தேய்ந்த சொல்லுக்குக் கேட்பார் உள்ளம் புதுப்பொருள் கற்பித்துக்கொண்டது. இதன்கண் ஒருவரும் பொய் கூறிற்றிலர்; ஒருவரையும் ஏமாற்றக் கருதினாரும் இலர். எனினும் விளைந்தது பிழையறிவே.

இனித் 'திரையன்' என்னும் சொல்லைக் கண்டவுடன், பெரும்பாணாற்றுப்படைத் தலைவனாய்க் காஞ்சியிலிருந்து அரசுபுரிந்த தொண்டைமான் இளந்திரையன் நினைவுக்கு வருதல் ஒருதலை. அவனே இவ்வேரியைக் கட்டுவித்தான் என்று துணிவாரும் உளர். திரையர் குடிக்கும் அவ்வேரிக்கும் யாதோ தொடர்புண்டென்பது பெயரை ஏதுவாகக் கொண்டு கருதத்தக்கதே. குடிப்பெயர் ஒருவற்கே உரியதன்றாகலின், 'இவ்வரசனே கட்டினான்' என்னும் முடிபு அவ்வேதுவின் எல்லையைக் கடந்ததாகும். முன்னையது திரிபு; பின்னையது ஏது நிரம்பாத துணிபு. இரண்டும் பிழையறிவாயினும் பிறக்குமிடம் வேறாதலின், தீர்க்குமாறும் வேறாம். பொய்யறிவனைத்தையும் 'பொய்' என்னும் ஒரு சொல்லாற் கட்டித் தள்ளிவிடுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. அதனாலேயே முன்னையோர் அதனை வகுத்தாராய்ந்தனர்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் முகப்பில் அளவையிலக்கணத்தை வைத்தது இதுபற்றியே. பதி பசு பாசம் என்னும் முப்பொருளியல்பு கூறப்புகுவார், அவற்றை அளந்தறியுங் கருவியை முதற்கண் தூய்மை செய்துகொள்ளல் வேண்டும். கோல் கோணலாயின் அளக்கப்பட்ட பொருளனைத்தும் கோணலாகவே முடியும். அளவை பத்தென்பாரையும் பிறரையும் தழுவிக்கொண்டு, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என ஆசிரியர் தெளிவிப்பர். காட்சியாவது ஐயமும் திரிபும் நீங்கிய அறிவு என்பது அவர் கருத்து. கயிறோ பாம்போ என இரண்டிடத்தும் ஊசலாடுவது ஐயம். கயிற்றைப் பாம்பெனவே கொண்டுவிடுவது திரிபு. ஐயமுற்றவன் விளக்கெடுத்துவரச் செல்வான். திரிபுற்றவன் தடியெடுத்துவரச் செல்வான். உலகிற் கேடு பெரும்பாலும் பின்னவனால் விளைதலின், ஐயமும் திரிபும் குற்றமெனப்பட்டனவாயினும் ஒரு நிகரனவல்ல.

இவற்றுக்குக் காரணம் கண்ணும் விளக்கும் போன்ற கருவிகளின் குறையே என்று சித்தாந்தம் அமையாது. உண்மையில் அளப்பது உயிரின் அறிவாற்றலே. ஏனைய அதற்குத் துணை. அவ்வாற்றலை மறைத்து நிற்பது ஆணவமலம். ஆகலின், பொய்யைச் சொன்னவன் ஒருவன் இருப்பினும், அதனைத் தன்னுள் ஏற்று நிலைபெறுத்துவது கேட்டவன்பால் உள்ள மறைப்பேயாம். தனக்கு உவப்பான செய்தியை ஆராயாது நம்புதலும், உவவாததை ஆராய்ந்த பின்னும் நம்பாமையும் அம்மறைப்பின் செயல்கள்.

இப்பகுதியில் சைவர் நோக்கத்தகும் பழந்தமிழ் நூல் பிறிதொன்றுண்டு. மணிமேகலை பௌத்த நூலாயினும், சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி கூற்றாக எண்வகைப் போலிகளைத் தொகுத்துரைக்கின்றது. அறவணவடிகள்பால் மணிமேகலை ஏதுவும் எடுத்துக்காட்டும் அவற்றின் போலிகளும் கேட்டறிந்ததாகக் கூறப்படும் இடமும் இக்காஞ்சியே. பரபக்க நூலாயினும் கருவி நூற்பகுதி எவர்க்கும் பொதுவாதலின் அதனைக் கைக்கொள்ளுதல் இழுக்கன்று.

அவ்வெட்டனுள், பொருள் உண்டென்னுமளவே கண்டு இன்னதென அறியாமை சுட்டுணர்வு. கிளிஞ்சிலை வெள்ளியெனக் கொள்வது திரியக் கோடல். கட்டையோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். அத்தடுமாற்றத்தைத் தீர்க்கும் ஆராய்ச்சி செய்யாமலே மகன்தான் எனத் துணிவது தேராது தெளிதல். எதிரே வரும் புலியைக் கண்ணாற் கண்டும் புலியென உணராதிருப்பது கண்டுணராமை. முயற்கோடு போலச் சொல் உளதாய்ப் பொருள் இலதாவது இல்வழக்கு. முன்னறிந்ததனையே புதிதறிந்ததுபோல மீள அறிவது உணர்ந்ததை உணர்தல். எட்டாவதாகிய நினைப்பு நுட்பமுடையது. 'இவர் நின் தாய், இவர் நின் தந்தை' என்று பிறர் சொல்ல, வேறு காரணமின்றி அங்ஙனமே கருதிக்கொள்வது அது. சொல்லப்பட்டது மெய்யாகவே இருக்கலாம். இருப்பினும் அறிந்தவன் அதனை அறிந்த நெறி அளவையன்று என்பதே அந்நூலின் கருத்து. ஒரு செய்தி தற்செயலாக உண்மையாய் முடிந்ததனானே அதனை நம்பியவன் செயல் நேரிதாகாது என்பது இதனாற் பெறப்படும்.

காஞ்சியைச் சூழ்ந்த நெசவூர்களில் இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பனவல்ல. மெய்ச்சரிகையாவது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசப்பெற்றது. அதனைச் சுரண்டினால் உள்ளிருக்கும் செம்பட்டிழை தோன்றும். செம்புக் கம்பியைச் செயற்கையிழைமேற் சுற்றிய போலிச் சரிகை கண்ணுக்கு அதனினும் மிகுதியாக மின்னும். கிளிஞ்சிலுக்கும் வெள்ளிக்கும் சொல்லப்பட்ட உவமை ஈண்டு உவமையாகாது பொருளாகவே நிற்கின்றது. இழையைத் தீயிலிட்டுப் பார்ப்பதும் வழக்கு. பட்டாயின் மயிர் கரிந்த நாற்றம் எழும், சாம்பல் விரலிற் பொடியாகும். செயற்கையிழையாயின் உருகி மணிபோல் இறுகும். ஆயின் இச்சோதனை தெரிவிப்பது 'இது பட்டு' என்னும் ஒன்றனையே. காஞ்சிப் பட்டுக்கு 2005-ஆம் ஆண்டளவிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றுள்ளமையின், வேறோர் ஊரில் நெய்த தூய பட்டினைக் காஞ்சிப் பட்டென விற்பதும் போலியேயாம். அங்ஙனம் விற்கும் வணிகன் தீயிட்டுக் காட்டி, 'கண்டீரோ, மெய்ப்பட்டு' என்பானாயின், அவன் காட்டியது மெய்; கேட்டவன் கொண்டது பொய். ஒரு வினாவுக்குரிய சோதனையை மற்றொரு வினாவுக்கு விடையாக்கும் இவ்விரகு, பட்டுக்கடையினும் வாதமேடைகளிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

இதுகாறும் கூறியன காண்பான் பக்கத்துக் குற்றங்கள். சொல்வான் பக்கத்துக் குற்றங்களை அறிய உரையளவையின் இலக்கணத்தை நோக்குதல் வேண்டும். உரை அளவையாவது அதனைக் கூறுவோன் ஆப்தனாயவிடத்து. ஆப்தனாவான் பொருளை உள்ளவாறு அறிந்தவன், அறிந்தவாறே சொல்பவன், கேட்பவன்மேல் அருளுடைமையாற் சொல்பவன். இம்மூன்றும் ஒருங்குடையன் முழுமையாக இறைவன் ஒருவனே ஆதலின் அவனருளிய ஆகமம் சிறந்த உரையளவையாயிற்று. இவ்விலக்கணத்தைத் திருப்பிப் பார்ப்பின், உரைப்போலியின் வகை மூன்றும் தாமே விளங்கும். அறிவு குறைந்தவிடத்து, பொய்யென்றறியாது மெய்யென நம்பியே பொய் கூறல் நிகழும். வாய்மை குறைந்தவிடத்து, அறிந்தே கட்டியுரைக்கும் வஞ்சனை நிகழும். அருள் குறைந்தவிடத்து, மெய்ச்செய்தியையே பிறர்க்குக் கேடு விளையுமாறு பெயர்த்து வைத்துக் கூறல் நிகழும். இக்காலத்துச் செய்தியாராய்ச்சியாளர் மேனாடுகளில் வகுக்கும் மூன்று பிரிவும் இவற்றோடு ஒத்திருத்தல் காண்க. திருவள்ளுவனார் வாய்மைக்கு இலக்கணம் கூறுமிடத்துத் தீமையின்மையை அதன்கண் அடக்கியதும் மூன்றாவதனை உட்கொண்டே.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடிப் புறம்போக வேண்டா. பெயரொப்புமையால் விளைந்த மயக்கங்கள் தமிழ்நூல் வரலாற்றில் நிறைந்து கிடக்கின்றன. பதினொராந் திருமுறையிற் பாடல்களுடைய நக்கீரதேவ நாயனாரையும் சங்கத்து நக்கீரரையும் ஒருவராகவே கொண்டு காலவாராய்ச்சி செய்தோர் பலர். அத்திருமுறையிலேயே உள்ள பட்டினத்துப் பிள்ளையாரும், பிற்காலத்துச் சித்தர் பாடல் வரிசையிற் சேர்த்துரைக்கப்படும் பட்டினத்தாரும் மொழிநடையால் வேறாதல் படிப்போர்க்கு எளிதிற் புலனாம். ஔவையார் எத்துணையர் என்பதோ எண்ணி முடிவதன்று. ஏடெழுதியோனும் அச்சிட்டோனும் ஒருபெயர் கண்டு ஒருவரெனக் கருதினர், வஞ்சனை யாதுமில்லை. இம்மயக்கத்துக்கு மருந்து நூலையே மீண்டும் படித்தல்.

இரண்டாம் வகைக்கு உலகறிந்த சான்று இத்தமிழ்நாட்டுக் கரையிலிருந்தே புறப்பட்டது. 'எசூர்வேதம்' என்னும் பெயரால் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. சுமந்து என்னும் முனிவர் வியாசரோடு உரையாடி, பல தெய்வக் கொள்கையையும் உருவ வழிபாட்டையும் மறுத்து ஒரே கடவுளை நிலைநாட்டுவதாக அஃது அமைந்தது. இந்தியாவினின்று மீண்ட மோதாவ் என்பார்வழி 1760-ஆம் ஆண்டளவில் அதனைப் பெற்ற வால்தேர், தொன்மைமிக்க வேத உரையெனவே நம்பிப் பாரிசு அரசநூலகத்தில் வைப்பித்தார். அவர் தம் நூல்களிலும் அதனைப் பெரிதும் எடுத்தாண்டார். 1778-இல் அது சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. நான்கே ஆண்டு கழித்து 1782-இல், இந்தியாவிற் சுற்றுப்பயணஞ் செய்த சொன்னரா என்பார், இது வேதமன்று, பாதிரிமார் இயற்றியது என எழுதினார். பின்னர், திராவிடமொழிகள் தனிக்குடும்பத்தன என்பதை 1816-இல் எடுத்துக்காட்டியவரும் திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரைகண்டவருமாகிய எல்லிசு துரை, புதுச்சேரியிற் பாதிரிமார்பால் இருந்த கையெழுத்துப் படிகளைக் கண்டாராய்ந்தார். அவர் மறைந்த பின் 1822-இல் ஆசியச் சங்க வெளியீட்டில் வந்த அவரது கட்டுரை, அந்நூல் போலியென்பதை ஐயமற நிறுவியது.

இவ்வரலாற்றில் உற்றுநோக்கத்தக்கன சில உள. வேதமதத்தை அசைத்துக் கிறித்தவத்துக்கு வழிகோலவென்று எழுந்த நூல், வால்தேர் கையிற் கிறித்தவத் திருச்சபையையே எதிர்க்கும் படைக்கலமாயிற்று. பொய் ஒருமுறை வெளிப்பட்டபின் அதனைச் செய்தவன் கருத்துக்கு அடங்கி நில்லாது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா. வால்தேர் பொய்யுரைத்தவரல்லர். அவர் வேண்டியிருந்த ஒன்று அவர் வேண்டியிருந்தபோதே கைக்கு வந்தது. ஆதலின் ஆராயாது கொண்டார். இயற்றியோன்பால் இரண்டாம் வகையாயிருந்தது பரப்பியோன்பால் முதல் வகையாயிற்று. ஒரே நூல், குற்றம் வேறு. இன்னும், போலியை வெளிப்படுத்திய எல்லிசு துரையே அதனை இயற்றியோர் தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட்டு தெ நொபிலியே எனக் கருதினார். நொபிலி 1656-இல் மறைந்தவர். அவர்மேல் அந்நூலை ஏற்றுதற்குப் போதிய சான்றில்லை எனப் பின்வந்தோர் மறுத்தனர். பொய்யைக் கண்டுபிடித்த கட்டுரையினுள்ளேயே தேராது தெளிதல் ஒன்று புகுந்துகொண்டது! 1984-இல் உலூதோ இரோசர் இந்நூலை ஆராய்ச்சியோடு பதிப்பித்தபோது, இது பிரெஞ்சிலேயே எழுதப்பட்டு, இந்திய மொழிகளிற் பெயர்த்து வழங்கக் கருதப்பட்டதாகலாம் என முடிவு கூறினார். பெயர்க்கப்படுமுன் ஐரோப்பாவுக்கு ஏகிவிட்டமையால், ஏமாற்றக் கருதப்பட்டார் ஒருவர், ஏமாந்தார் மற்றொருவர் ஆயினர்.

மூன்றாம் வகை மற்றை இரண்டினும் பிடிபடுதற்கு அரியது, என்னை? அதன்கண் ஒவ்வொரு சொல்லும் மெய்யாதலின். சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பதினால்வர் மதங்கள் அவரவர் வாயாற் கூறப்பெற்று, அதன்பின் மறுக்கப்பெறுகின்றன. மறுப்பை விட்டு உலகாயதன் மதத்தை மட்டும் பெயர்த்தெழுதி, 'இது சித்தியாரிற் காணப்படுவது' என்று ஒருவன் காட்டின், ஏட்டைத் திறந்து பார்ப்பார்க்கு அங்ஙனமே இருக்கும். பூர்வபக்கத்தைச் சித்தாந்தமாகக் காட்டும் இக்கொடுமை சமயவாதங்களில் எல்லாப் பக்கத்தாரும் செய்துவந்ததே. சைவர் செய்திலர் என்று கூறுதற்கில்லை.

இதனோடொத்த செயல் அண்மையில் உயிர்க்கொலை வரை சென்றது. குழந்தைகளைப் பாதுகாக்கப் பெற்றோரை எச்சரித்தற்பொருட்டுக் கராச்சி நகரில் விழிப்புணர்வுப் படம் ஒன்று எடுக்கப்பட்டது. அதில் உந்துவண்டியில் வருவோர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வர். இறுதியில் அக்குழந்தையைத் திருப்பி விட்டு, எச்சரிக்கை எழுதிய பலகையைக் காட்டுவர். எவரோ அவ்விறுதியை அறுத்துவிட்டு, எஞ்சியதை உண்மை நிகழ்ச்சியாக இந்தியாவெங்கும் கைப்பேசி வழியாகப் பரப்பினர். முடிபை அறுத்த பூர்வபக்கம் அது. இத்தகைய படங்களும், வடநாட்டார் கூட்டமாகப் பிள்ளை பிடிக்க வந்துளர் என்னும் செய்திகளும் 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஊர்களிலும் பரவின. அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள், சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் சென்ற ஒரு குடும்பத்தார், வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அதுகண்டு பிள்ளை பிடிப்போரென்று ஊரார் சூழ்ந்து தாக்கினர். அடியார் கூட்டமாகச் சென்ற அவருள் முதிய அம்மையார் ஒருவர் உயிர்நீத்தார், ஏனையோர் பெருங்காயமுற்றனர். அவ்வாரத்திலேயே பழவேற்காட்டில் மற்றொருவரும் இதே ஐயத்தின்பேரிற் கொல்லப்பட்டார்.

அடித்தோர் தம்மைக் கொலைஞரெனக் கருதிற்றிலர். பிள்ளைகளைக் காப்பவரெனவே கருதினர். அவர்தம் அனுமானத்தை நூல்முறையால் விரிப்பின், 'இவர் பிள்ளை பிடிப்போர். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தலின்' என்பதாம். பிள்ளை பிடிப்போன் இனிப்புக் கொடுத்தல் கூடும். பாட்டியும் கொடுப்பாள்; கோயிலுக்குச் செல்வோரும் கொடுப்பர். துணியவேண்டிய பொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒப்பச் செல்லும் ஏதுவை அநைகாந்திகம் என்னும் போலியேதுவாகத் தருக்க நூலார் விலக்குவர். திண்ணைப் பள்ளியில் தருக்கம் பயிலத் தொடங்கும் மாணாக்கன் முதலிற் கற்பது இதுவே. புலவர் வாதத்தில் இக்குற்றம் செய்தவன் தோற்றான் எனப்படுவான், அவ்வளவே. அத்திமூரில் அதன் விலை வேறாயிற்று.

செய்தி வந்த நெறியையும் நோக்குக. பத்தளவை கூறுவோர் ஐதிகம் என ஒன்றனை எண்ணுவர். 'இவ்வாலமரத்தில் பேய் உண்டு' என்று வழிவழியாகச் சொல்லப்படுவதே அதற்கு நூல்களிற் காட்டப்பெறும் எடுத்துக்காட்டு. முதற்கண் சொன்னவன் இன்னான் என்பது தெரியாது சொல் மட்டும் வந்துகொண்டிருத்தலே ஐதிகத்தின் இயல்பென்பர் நியாயநூல் உரைகாரர். சைவர் அதனைத் தனியளவையாகக் கொள்ளாது உரையினுள் அடக்கினர். அடக்கவே, ஆப்தன்பால் தொடங்கியதாயின் கொள்ளப்படும், அன்றாயின் தள்ளப்படும் என்பது பெற்றாம். பேய் உண்டோ என்பதன்று அதன்கண் எழும் முதல் வினா. கண்டவன் எவன் என்பதே. 2018 சூலையில் வாட்ஸ்அப் நிறுவனத்தார் ஒரு செய்தியை ஒருமுறைக்கு ஐவர்க்குமேல் அனுப்பாதவாறு இந்தியாவில் எல்லை வகுத்தனர். பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படுவதற்கு அடையாளக் குறியும் இட்டனர். அக்குறி, 'இதனைச் சொன்னவன் இதனை அனுப்பியவனல்லன்' என்று அறிவிப்பதேயாதலின், ஐதிகத்துக்கு இட்ட பெயர்ப்பலகை எனலாம். அதனைப் பார்த்தும் பாராது மேலனுப்புவோர் கண்டுணராமை என்னும் போலிக்கு உரியர்.

அற்றேல், வழிவழி வந்ததெல்லாம் ஐதிகமென்று தள்ளப்படின் சைவமரபு நிற்குமோ எனின், நிற்கும். அதன்கண்ணும் இவ்வாராய்ச்சி செல்லுதற்குரியது. சிவஞானபோதப் பன்னிரு சூத்திரங்களும் இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்திலுள்ளன என்பதும், மெய்கண்டதேவர் அவற்றைத் தமிழிற் செய்தருளினார் என்பதும் மாதவச் சிவஞான யோகிகள் முதலிய பெரியோர் கொள்கை. வடமொழிச் சூத்திரங்களுக்குச் சிவாக்கிரயோகிகள் பேருரை கண்டுளர். மறைமலையடிகள் முதலிய பிற்காலத்தார் சிலர் தமிழே முதனூலென வாதித்தனர். பாண்டிச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் வாயிலாக என். ஆர். பட் அவர்கள் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி இரௌரவாகமத்தை 1961-ஆம் ஆண்டு முதற் பகுதி பகுதியாக வெளியிட்டார். கிடைத்த அச்சுவடிகளில் அப்பன்னிரு சூத்திரங்களும் காணப்பெறவில்லை. இதுகொண்டு 'மொழிபெயர்ப்பன்று' எனத் துணிவாரும் உளர். ஆகமங்கள் பல முழுமையாகக் கிடைத்தில ஆதலின், காணாமையை இன்மைக்கு ஏதுவாகக் கொள்ளுதல், காணுதற்குரிய இடமனைத்தும் கண்டபின்னரே அமையும். 'பெரியோர் கூறினர், ஆகவே உண்டு' என்று வாளா இருப்பதும் சுவடி தேடுவார்க்கு விடையாகாது. சிவஞான யோகிகள் ஏடு கண்டு கூறினரோ, வழிவழிக் கேள்வி கொண்டு கூறினரோ என்பதே ஆராயற்பாலது. பாசவிமோசனப் படலம் உள்ள ஏடு ஒன்று எவ்வாதீனத்திலேனும் எச்சிவாசாரியர் இல்லத்திலேனும் வெளிப்படுங்காறும் இவ்விடத்து நிற்றற்குரியது ஐயமே. அவ்வேட்டைத் தேடுதலோ இன்னும் முற்றுப்பெறவில்லை.